ஒளி சாயத்தை அழிக்கும், உப்பை?

நொய்யலாற்றின் குறுக்கே, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை இருக்கிறது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கி நின்றது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்கள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது.

இன்று அங்கே ஒரு சொட்டுச் சாயக்கழிவுகூட வெளியே போகக் கூடாது என்பது விதி. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்த் தொட்டி, வடிசவ்வு, ஆர்.ஓ., ஆவியாக்கி என்று வரிசையாகக் கடந்து தண்ணீரும் உப்பும் பட்டறைக்கே திரும்ப வேண்டும். முறை சரிதான், செலவுதான் கடுமை. அதிலும் கடைசியில் மிஞ்சும் உப்புக்கரைசலை வற்றவைக்க ஆகும் எரிபொருளும் மின்சாரமும் பட்டறைக்காரரின் கையைக் கடிக்கும்.

இந்த நிலையில் ஆய்வுக்கூடங்களிலிருந்து ஒரு செய்தி அடிக்கடி வருகிறது. சாயத்தண்ணீரில் ஒரு சிட்டிகை நானோ பொடியைப் போட்டு வெயிலில் வைத்தால், ஓரிரு மணி நேரத்தில் நிறம் மறைந்துவிடுமாம். செய்தி பொய்யில்லை. அதே சமயம், நொய்யலைப் பொறுத்தவரை அது பாதிச் செய்தி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளச் சாயத்தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சாயத்தொட்டிக்குள்

திருப்பூர்ப் பனியன் துணி பருத்தி. பருத்திக்குப் பெரும்பாலும் போடுவது 'ரியாக்டிவ்' சாயம். இந்தச் சாய மூலக்கூறு நூலின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும். அதனால்தான் நூறு முறை துவைத்தாலும் நிறம் நிற்கிறது. ஆனால் தண்ணீரில் பருத்தியும் எதிர்மின்சுமையோடு இருக்கும், சாயமும் எதிர்மின்சுமையோடு இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தைத் துணியிடம் நெருங்கவைக்கத்தான் உப்பு. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடையோ கிளாபர் சால்ட் எனப்படும் சோடியம் சல்பேட்டையோ தொட்டியில் கொட்டுவார்கள். பிறகு சோடா ஆஷ் போட்டுக் காரத்தன்மையை ஏற்றினால் பிணைப்பு விழும்.

எவ்வளவு உப்பு? அடர்த்தியான ஷேடுக்கு லிட்டருக்கு 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்றால், 640 கிராம் உப்பு. இதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது. வேலை முடிந்ததும் அத்தனையும் கழிவுநீரில் வெளியேறும்.

சாயத்திலும் முழுவதும் துணியில் ஏறுவதில்லை. சாய வகையையும் ஷேடையும் பொறுத்து 10 முதல் 40 சதவீதம் வரை தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அதன் பிறகு அது துணியில் ஒட்டாது, அலசும்போது வந்துவிடும். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் சாயம் கலந்திருந்தாலே கண்ணுக்குத் தெரியும் என்பதால், ஆற்றில் முதலில் கண்ணை உறுத்துவது நிறம்தான்.

துணிச் சாயங்களில் பெரும்பங்கு 'அசோ' வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்து, இரு பக்கமும் பென்சீன் போன்ற வளையங்களைத் தாங்கி நிற்கும். நிறம் தருவது இந்த அமைப்புதான். வெயிலுக்கும் சோப்புக்கும் வியர்வைக்கும் அசையக் கூடாது என்று திட்டமிட்டுச் செய்த மூலக்கூறு, சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிரிக்கும் எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. காற்றில்லாத தொட்டியில் சில பாக்டீரியாக்கள் அசோ பிணைப்பை உடைக்கும், நிறமும் போகும். ஆனால் அப்போது உருவாகும் அரோமாட்டிக் அமீன்களில் சில, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. நிறம் போனால் நஞ்சும் போய்விட்டது என்று கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே முதல் சாட்சி.

வெள்ளைப் பொடியின் வேலை

சாயத்தை வேரோடு அழிக்கும் வழிகளில் ஒன்றுதான் ஒளிவினையூக்கம். இதில் நீண்ட காலமாக முன்னணியில் நிற்பது டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர்ப் பெயின்ட், பற்பசை, மாத்திரைப் பூச்சு எல்லாவற்றுக்கும் வெண்மை தருவது இதுவே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட்டும் ரூட்டைலும் இந்த டைட்டானியத்தின் மூலப்பொருள்கள்.

1960களின் இறுதியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா ஃபுஜிஷிமா ஆய்வு மாணவர். கெனிச்சி ஹோண்டா அவருடைய வழிகாட்டி. தண்ணீரில் வைத்த டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனைமீது ஒளி பாய்ச்சியபோது, அதன் பரப்பிலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் கிளம்பின. எதிர்முனையான பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் வந்தது. ஒளியால் தண்ணீரைப் பிளக்க முடியும் என்ற அந்தக் கண்டுபிடிப்பு 1972இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. உலகம் அதை எரிபொருள் கனவாகப் பார்த்தது. 1977இல் ஃபிராங்க், பார்ட் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் அதே பொருளைக் கொண்டு, தண்ணீரில் கலந்த சயனைடை ஒளியால் சிதைத்துக் காட்டினார்கள். ஒளிவினையூக்கம் கழிவுநீர்ப் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

அது வேலை செய்யும் விதம் இது. டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைகடத்தி. அதன் எலக்ட்ரான்கள் இருக்கும் கீழ்ப் பட்டைக்கும், அவை தாவிச் செல்லக்கூடிய மேல் பட்டைக்கும் இடையே ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு. அனட்டேஸ் என்ற படிக வடிவில் அந்த இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். இதைத் தாண்டும் ஆற்றல் கொண்ட ஒளித்துகள் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் மேலே தாவும். அது விட்டுப்போன இடத்தில் நேர்மின் தன்மையுள்ள ஒரு 'துளை' உண்டாகும். துகளின் பரப்புக்கு வந்துசேரும் எலக்ட்ரான், தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பற்றி அதைச் சூப்பர் ஆக்சைடாக மாற்றும். துளையோ தண்ணீரிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கும். அங்கே பிறப்பது ஹைட்ராக்சில் தனியுறுப்பு.

கதாநாயகன் இந்தத் தனியுறுப்புதான். இணை சேராத ஓர் எலக்ட்ரானோடு பிறக்கும் இது, எதைத் தொட்டாலும் ஆக்சிஜனேற்றம் செய்யப் பார்க்கும். அந்த வலிமையை வோல்ட் கணக்கில் சொன்னால் குளோரினுக்கு 1.36, ஓசோனுக்கு 2.07, ஹைட்ராக்சில் தனியுறுப்புக்கு 2.8. அதன் ஆயுள் நொடியின் மிகச் சிறு கூறு; பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் தாக்க முடியும். சாய மூலக்கூறு துகளின் பரப்புக்கு அருகே வந்தால், முதலில் அசோ பிணைப்பு அறுபடும், நிறம் போகும். அடுத்து வளையங்கள் திறந்து, ஆக்சாலிக், ஃபார்மிக், அசிட்டிக் போன்ற சிறு அமிலங்களாகும். போதிய நேரம் கொடுத்தால் அவையும் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் முடியும். சாயத்திலிருந்த கந்தகம் சல்பேட்டாக நிற்கும்; நைட்ரஜன் நைட்ரேட், அம்மோனியம் போன்றவையாக மாறும். வினையூக்கி செலவாகாமல் அப்படியே இருக்கும்.

நானோ எதற்கு?

எல்லாம் பரப்பில் நடக்கிறது என்றால், பரப்பு அதிகம் வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு முகங்களையும் சேர்த்தால் 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால், மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 15 சென்ட் நிலம். விரல்நுனியில் அடங்கும் பொருள், பல வீட்டு மனைகளின் பரப்போடு தண்ணீரைத் தொடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வாளர்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். ஒளியால் பிரிந்த எலக்ட்ரானும் துளையும் துகளுக்குள்ளேயே மறுபடி சந்தித்தால் ஒன்றோடொன்று சேர்ந்து, வாங்கிய ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும். பிரிந்தவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் வீணாகிறது. துகள் சிறிதானால் அவை பரப்பை எட்ட வேண்டிய தூரம் குறையும். சந்திக்கும் முன் வேலை செய்ய வாய்ப்பு கூடும். அதற்காகத் துகளை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. அளவு மீறிச் சிறுத்தால் படிக ஒழுங்கு குலைந்து, பரப்பிலேயே மறுசேர்க்கை நடக்கத் தொடங்கும். எனவே வெறும் உருண்டைத் துகள்களோடு நிற்காமல், எலக்ட்ரான் ஒரே திசையில் ஓட வழி தரும் நானோ குழாய், நானோ கம்பி, நானோ தகடு என்று வடிவங்களைச் செய்து பார்க்கிறார்கள்.

பல ஆண்டுகளாக மற்ற வினையூக்கிகளை ஒப்பிட அளவுகோலாக இருப்பது பி-25 என்ற ஜெர்மன் பொடி. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அனட்டேஸ், ஒரு பங்கு ரூட்டைல். ஒரு கிராமுக்குச் சுமார் 50 சதுர மீட்டர் பரப்பு. இரண்டு படிக வடிவங்களும் ஒட்டியிருக்கும் எல்லையில் எலக்ட்ரான் ஒரு பக்கமும் துளை மறுபக்கமும் ஒதுங்கிக்கொள்வதால், தனி அனட்டேஸைவிட இந்தக் கலவை பல வேளைகளில் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு குறைகடத்திகளை ஒட்டவைத்து மின்சுமைகளைப் பிரித்துவைக்கும் இந்த உத்திதான் இப்போது வரும் ஏராளமான 'கலப்பு' வினையூக்கிகளின் அடிப்படை. துகளின்மீது வெள்ளியோ பிளாட்டினமோ புள்ளி புள்ளியாகப் பதிப்பதும் எலக்ட்ரானைத் தனியே இழுத்துவைக்கத்தான்.

வெயிலின் பெரும்பங்கு வீண்

3.2 எலக்ட்ரான் வோல்ட் என்பது 388 நானோமீட்டர் அலைநீளத்துக்குச் சமம். அதாவது புற ஊதா. பூமிக்கு வந்துசேரும் வெயிலில் புற ஊதா நான்கைந்து சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளி, வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி. அதற்கு டைட்டானியம் டை ஆக்சைடு அசைவதேயில்லை. புற ஊதா விளக்கு வைக்கலாம். ஆனால் அதற்கு மின்கட்டணம் கட்ட வேண்டும். இலவச வெயில் என்ற வாதம் அடிபட்டுப்போகும்.

அதனால் ஆற்றல் இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகள் தொடங்கின. 2001இல் ஜப்பானில் ரியோஜி அசாஹி குழுவினர் டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் நைட்ரஜனைப் புகுத்திப் புலப்படும் ஒளியிலும் வேலை வாங்கினார்கள். பிஸ்மத் வனடேட்டுக்கு இடைவெளி 2.4 மட்டுமே, மஞ்சள் நிறப் பொடியான அது, வெயிலின் நீலம், பச்சைப் பகுதிகளையும் உறிஞ்சும். காட்மியம் சல்பைடுக்கும் அதே அளவு இடைவெளிதான். ஆனால் ஒளியில் தானே அரிபட்டு, நச்சான காட்மியத்தைத் தண்ணீரில் விடும். ஒரு நஞ்சை எடுக்க இன்னொரு நஞ்சைக் கலக்க யாரும் ஒப்ப மாட்டார்கள்.

உலோகமே இல்லாத ஒரு வினையூக்கியும் உண்டு. வயலுக்குப் போடும் யூரியாவை மூடிபோட்ட பீங்கான் கிண்ணத்தில் வைத்து 550 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், அம்மோனியா வெளியேறி, அடியில் மங்கலான மஞ்சள் பொடி மிஞ்சும். கார்பனும் நைட்ரஜனும் தகடு தகடாக அடுக்கிய கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடு அது. ஆற்றல் இடைவெளி 2.7. நீல ஒளிக்கே விழித்துக்கொள்ளும். 2009இல் இதன் ஒளிவினையூக்கத் திறன் வெளிவந்தபின், உலகெங்கும் ஆய்வாளர்கள் இதைக் கையிலெடுத்தார்கள். விலை குறைவு, செய்முறை எளிது என்பதால் நம் கல்லூரி ஆய்வகங்களிலும் இதைச் செய்ய முடிகிறது.

துத்தநாக ஆக்சைடையும் ஒதுக்க முடியாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வேதியியலாளர்கள், 'ஆசிட் பிரவுன் 14' என்ற அசோ சாயத்தைச் சூரிய ஒளியில் சிதைத்து ஒப்பிட்டபோது, டைட்டானியம் டை ஆக்சைடைவிடத் துத்தநாக ஆக்சைடு மேலாக வேலை செய்தது. அதன் பலவீனம், அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் கரைந்துவிடுவது.

குவளையும் பட்டறையும்

ஆய்வகத்தில் இதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு குவளையில் 100 மில்லி தண்ணீர். அதில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் மெத்திலீன் புளூ. சில பத்து மில்லிகிராம் பொடியைப் போட்டு, காந்தக் கலக்கியில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சுழலவிடுவார்கள். சாயத்தில் ஒரு பகுதி பொடியின்மீது வெறுமனே ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதைக் கணக்கிலிருந்து கழிக்கவே இந்த இருட்டு. பிறகு விளக்கு. குறித்த இடைவெளிகளில் கொஞ்சம் எடுத்து, மையவிலக்கியில் சுற்றிப் பொடியைப் படியவைத்து, தெளிந்த நீர் 664 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பார்கள். வரைபடம் சரசரவென்று இறங்கும். '95 சதவீதம் அகற்றம்' என்று கட்டுரை எழுதப்படும்.

அந்த 95 சதவீதத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். மெத்திலீன் புளூ தானே ஒளியை உறிஞ்சி, தன் எலக்ட்ரானை வினையூக்கிக்குக் கொடுத்துச் சிதையக்கூடியது. புலப்படும் ஒளியில் நிறம் போனது வினையூக்கியின் திறமையா, சாயத்தின் குணமா என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. அது எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நிறமற்ற வடிவத்துக்கும் மாறும். காற்றுப் பட்டால் நீலம் திரும்பிவிடும். அதனால் நிறத்தோடு நிற்காமல், தண்ணீரில் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்றும் அளக்க வேண்டும். நிறம் முழுவதும் போன பிறகும் கரிமக் கார்பன் கணிசமாக மிஞ்சியிருப்பது வழக்கம். சாய மூலக்கூறு துண்டுகளாகிவிட்டது, அழியவில்லை என்பதே அதன் பொருள்.

பட்டறைத் தண்ணீர் குவளைத் தண்ணீர் அல்ல. அதில் ஒரே சாயம் இருப்பதில்லை. அன்று ஓடிய அத்தனை ஷேடுகளும், சோப்பும், மென்மையூட்டியும் கலந்திருக்கும். நிறம் அடர்த்தியாக இருந்தால் ஒளி மேல்மட்டத்தைத் தாண்டி இறங்காது. அடியில் கிடக்கும் பொடி இருட்டில் சும்மா கிடக்கும். சோடா ஆஷிலிருந்து வரும் கார்பனேட்டும், உப்பிலிருந்து வரும் குளோரைடும், சாயத்தைத் தாக்க வேண்டிய தனியுறுப்புகளை நடுவழியில் பிடித்துக்கொள்ளும். குளோரைடு மிகுந்தால் குளோரின் சேர்ந்த புதிய கரிமப் பொருள்கள் உண்டாகும் ஆபத்தும் இருக்கிறது.

வேலை முடிந்தபின் பொடியை எடுக்க வேண்டுமே? நானோ துகள் எளிதில் அடியில் படியாது. வடிகட்டினால் சவ்வு அடைபடும். விட்டுவிட்டால் ஆற்றுக்குள் போகும். கண்ணாடி மணிகளிலும் பீங்கான் சவ்வுகளிலும் பூசி நிலைநிறுத்தினால் பிரச்சினை தீரும். ஆனால் தண்ணீரைத் தொடும் பரப்பு குறைந்து வேகமும் குறையும். காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடின் மேல் வினையூக்கியைப் போர்த்தி, காந்தம் வைத்து இழுத்தெடுக்கும் வழியும் சோதனையில் உள்ளது. ஸ்பெயினின் அல்மேரியாவில் உள்ள சூரிய ஆற்றல் ஆய்வு மையம், கண்ணாடிக் குழாய்களுக்குப் பின்னால் வளைந்த ஆடிகளை வைத்து, வெயிலைக் குவித்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்புகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறது. அதில் தெரியவரும் ஒரு நடைமுறை உண்மை: வெயில் இலவசம், அதைப் பிடிக்க வேண்டிய இடமும் கண்ணாடியும் இலவசமல்ல.

எங்கே பொருந்தும்?

இப்போது உப்புக்கு வருவோம். ஒரு கிலோ துணிக்கு 640 கிராம் என்று கணக்குப் போட்டோமே, அதை எந்த ஒளிவினையூக்கியும் தொடாது. சோடியமும் குளோரைடும் சல்பேட்டும் அதற்குமேல் சிதைய எதுவுமில்லாத அயனிகள். நொய்யல் கரைக் கிணறுகளைக் கெடுத்ததும், தென்னையையும் நெல்லையும் வாட்டியதும் பெரும்பாலும் இந்த உப்புதான். பொதுவாகத் தொழிற்சாலைகள் வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் (டிடிஎஸ்) லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. சாயக்கழிவு அதைப்போல் பல மடங்கு இருக்கும். 'டிடிஎஸ் எவ்வளவு' என்பது அந்த வட்டார உழவர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி. அந்த எண்ணை வினையூக்கி ஒரு புள்ளிகூடக் குறைக்காது. நிறம் மட்டும் நீங்கிய உப்புத் தண்ணீரை ஆற்றில் விட்டால், பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது என்பதால் அது நிறத்தோடு வருவதைவிட ஆபத்து.

அதற்காக இந்த ஆய்வுகள் வீண் என்று தள்ளிவிடவும் கூடாது. நுண்ணுயிர்த் தொட்டியைக் கடந்து வரும் தண்ணீரில், அழியாமல் அடம்பிடிக்கும் சாயமும் அமீன்களும் கொஞ்சம் மிஞ்சும். நிறம் வெளுத்துப்போன அந்தத் தண்ணீருக்குள் ஒளி நன்றாக இறங்கும். ஆர்.ஓ. சவ்வுக்கு முன்னால் இந்த மிச்சத்தை அழித்தால் சவ்வு அடைபடுவது குறையும். அடுத்த இடம், ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புக்கரைசல். அதை வற்றவைக்காமல் மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பலாம். தடையாக நிற்பது அதில் மிஞ்சியிருக்கும் நிறமும் கரிமப் பொருளும். அவற்றை அகற்றிவிட்டால் உப்பும் மிச்சம், எரிபொருளும் மிச்சம். அத்தனை உப்புக்கு நடுவிலும் தனியுறுப்பை வேலை செய்யவைக்கும் வினையூக்கியே இந்தத் தொழிலுக்குத் தேவை. குவளையில் சுத்தமான தண்ணீரில் 95 சதவீதம் காட்டும் நூறாவது பொடியைவிட, லிட்டருக்கு 60 கிராம் உப்பு கலந்த தண்ணீரில் பாதி வேலை செய்யும் ஒரு பொடி பட்டறைக்குப் பயன்படும்.

ஆகவே, 'சூரிய ஒளியில் சாயக்கழிவு சுத்தம்' என்று அடுத்த முறை செய்தி படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சோதித்தது பட்டறைக் கழிவையா, குவளையில் கரைத்த சாயத்தையா? கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது? பொடியை எப்படித் திரும்ப எடுத்தார்கள்? உப்பு என்னவாயிற்று? முதல் மூன்றுக்கும் விடை வைத்திருக்கும் ஆய்வை நம்பிப் பணம் போடலாம். நான்காவதற்கு விடை வினையூக்கியிடம் இல்லை. அது உப்பைக் குறைத்துச் சாயமேற்றும் முறைகளிலும், உப்பைத் திரும்ப எடுக்கும் நிலையங்கள் நிற்காமல் ஓடுவதிலும், அவை ஓடுகின்றனவா என்று கண்காணிப்பதிலும்தான் இருக்கிறது.